சானடோரியம் சாப்பாடு

குரோம்பேட்டையைத் தாண்டியதும் மின்சார ரயில் நிற்கிற அடுத்த ஸ்டேஷனின் பெயரைப் பற்றி எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? தாம்பரம் சானடோரியம். ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் ஸ்டேஷனுக்கு வந்து, பிறகு சுற்றியுள்ள தெருக்களுக்கெல்லாம் அதுவே விலாசமாகிவிட்டது. ‘எங்க வீடு சானடோரியத்துல’ என்று யாரும் சிரிக்காமல் சொல்லிக்கொள்வார்கள். காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துப் பராமரிக்கிற இடம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு இங்கே அர்த்தமாக இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். விசாரித்தவருக்கு நோய் வரும்.

போகட்டும். நான் சொல்ல வந்தது ரியல் எஸ்டேட் அல்ல, சாப்பாடு. லேசில் தீராத ஒரு நோய் வந்துவிட்டால் மனிதன் என்ன சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பேட்டை தொண்ணூறு வருடங்களுக்கு மேலாக விதவிதமாக பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதில்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர், ஃபைப்ரோமயால்ஜியா.

வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் உடம்பில் நுழைந்துவிட்டால் லேசில் போகாது. உடம்பு முழுக்க, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. பால்காரருக்குப் பணம் கொடுத்தோமா இல்லையா என்பது மறந்து போகும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் நார்மல். எக்ஸ்ரே நார்மல். ஸ்கேனும் நார்மல். அப்புறம் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘எல்லாம் மனசுதான்.’

மனசு இல்லை. 1904-ல் வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் நிபுணர், இது தசைநார்களில் ஏற்படுகிற அழற்சி என்று நினைத்து ஃபைப்ரோசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். எத்தனை தேடியும் அழற்சி அகப்படவில்லை. 1976-ல் பெயரை மாற்றினார்கள். 1990-ல் அமெரிக்க மூட்டுநோய் நிபுணர்கள் சங்கம் ஒரு இலக்கணம் வகுத்தது. உடம்பில் குறிப்பிட்ட 18 இடங்களில் விரலால் அழுத்திப் பார். 11 இடத்தில் வலித்தால் இதுதான். 2010-ல் அதையும் மாற்றி, வலியின் பரப்பு, தூக்கம், சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். இன்றைய புரிதல் இதுதான்: தசையில் பெரிய கோளாறு இல்லை. வலியைக் கடத்துகிற, புரிந்துகொள்கிற நரம்பு மண்டலம் சத்தத்தைக் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்காவது இருக்கலாம் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது.

மாத்திரை ஓரளவுக்குத்தான் உதவும் என்று தெரிந்ததும் என்ன நடக்கும்? எல்லோரும் தட்டைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ‘கோதுமையை விட்டுடு.’ ‘பாலை நிறுத்து.’ ‘தக்காளி, கத்திரிக்காய் ரெண்டும் விஷம்.’ ‘அரிசியே கூடாது, சிறுதானியம் மட்டும்.’ ஒவ்வொருத்தர் பேச்சையும் கேட்டுக் கழித்துக்கொண்டே போனால் தட்டில் மிஞ்சுவது தட்டு மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் வரலாறு உதவிக்கு வருகிறது.

நோய்க்குச் சாப்பாட்டையே மருந்தாக்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. 1850-களில் ஹெர்மன் பிரெமர் என்பவர் மலைக்காற்று, ஓய்வு, போஷாக்கு என்று சொல்லி ஒரு சானடோரியம் தொடங்கினார். கொஞ்ச காலம் கழித்து, கறுப்புக் காடு என்று சொல்லப்படும் பிரதேசத்தில் நோர்டிராக் என்ற இடத்தில் ஓட்டோ வால்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். பசிக்கிறதோ இல்லையோ, வைத்ததைச் சாப்பிட்டாக வேண்டும். பால், வெண்ணெய், முட்டை, மாமிசம். எடை ஏறினால் வியாதி இறங்குகிறது என்று அர்த்தம். இந்தப் பாணி இங்கிலாந்தில் காட்டுத்தீயாகப் பரவியது.

அங்கே மெண்டிப் மலைப் பகுதியில் அப்படி ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தவர் ஓர் இந்தியர். டாக்டர் டேவிட் சௌரி முத்து. 1914-ல் அவர் நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் போனபோது, அதே கப்பலில் 26 வயது இளைஞர் ஒருவரும் சென்னையிலிருந்து போய்க்கொண்டிருந்தார். சீனிவாச ராமானுஜன். மூன்றே வருடத்தில், 1917 இலையுதிர் காலத்தில், அதே டாக்டரின் சானடோரியத்துக்கு அவர் நோயாளியாகப் போய்ச் சேருவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ராமானுஜனின் கதையை கணிதத்துக்காகச் சொல்வார்கள். நான் சாப்பாட்டுக்காகச் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் அவர் தானே சமைத்துச் சாப்பிட்டவர். அதுவும் நேரம் காலம் கிடையாது. சமயங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அடுப்பு. உடம்பு படுத்ததும் சானடோரியம் சானடோரியமாக மாறினார். மெண்டிப்பிலிருந்து டெர்பிஷயரில் உள்ள மேட்லாக். சுத்த சைவக்காரர். வெளியிலோ யுத்தம், 1918-ல் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கெல்லாம் இங்கிலாந்தில் ரேஷன். ஆஸ்பத்திரிச் சமையல்காரருக்கு ரசம் தெரியுமா? அந்த வருடம் ஜூன் மாதம் ராமலிங்கம் என்கிற நம்மூர் இன்ஜினீயர் நண்பர் மேட்லாக்குக்குப் போய் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வந்து, பேராசிரியர் ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கணித மேதையைப் பற்றிய அந்தக் கடிதத்தில் பிரதான விஷயம் என்ன தெரியுமா? அவர் என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிட மறுக்கிறார் என்பதுதான்.

1920 ஏப்ரல் 26-ம் தேதி, சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் அவர் இறந்து போனார். காசநோய் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசிவிட்டு, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். யங் சொல்வது சரியென்றால், அந்த மனிதர் தனக்கு இல்லாத ஒரு நோய்க்கான சாப்பாட்டோடு வருடக் கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறார்! என்ன நோய் என்று நிச்சயமாகாமல் டாக்டர் டாக்டராக அலைந்த ஃபைப்ரோமயால்ஜியாக்காரர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி வலிக்கும்.

சௌரி முத்து தாய்நாட்டுக்கு வந்து 1928 ஏப்ரல் 9-ம் தேதி தாம்பரத்தில் பச்சைமலை அருகே சானடோரியத்தைத் தொடங்கினார். சுமார் 250 ஏக்கர் நிலம். வெறும் 12 படுக்கைகள். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலே 1931-ல்தான் வந்தது என்றால், அன்றைக்கு இந்த இடம் எப்படிப்பட்ட பொட்டல்காடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிருமிக்கு மருந்தில்லாத காலத்தில் அவரிடம் இருந்த ஆயுதங்கள் காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு. 1930-ல் இந்துக்களின் பழைய மருத்துவத்தைப் பற்றியும் புத்தகம் போட்ட மனிதர் அவர். 1937-ல் சானடோரியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதுதான் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு எதுவும் வரவு செலவாகத்தான் புரியும். சானடோரியம் சாப்பாடு என்பது மூலதனச் செலவு. ஒரு வருடம், இரண்டு வருடம் கொட்டிக் கொடு; ஆள் தேறினால் வீட்டுக்கு அனுப்பு. சமைக்க ஒருவர், பரிமாற ஒருவர், பாத்திரம் துலக்க ஒருவர். நோயாளிக்கு வேலை, சாப்பிடுவது மட்டும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான சாப்பாடு அப்படியல்ல. அது நடப்புச் செலவு. மாதா மாதம், வேளா வேளைக்கு, ஆயுசு முழுக்க. போதாத குறைக்கு, பெரும்பாலான வீடுகளில் நோயாளியும் சமையல்காரரும் ஒரே ஆள். கழுத்தும் தோளும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிற பெண்மணியிடம், வீட்டுக்கு ஒரு சமையல், உனக்குத் தனியாக ஒரு சமையல் என்று சொன்னால் அதற்குப் பெயர் வைத்தியமா? இரண்டாவது ஷிஃப்ட்!

சரி, சானடோரியத்தின் சாப்பாடு நிஜமாகவே நோயைக் குணப்படுத்தியதா?

இதற்கு பதில் கிடைத்ததும் சென்னையில்தான். அதுவும், ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்து சிகிச்சை மையத்தை ஆரம்பித்தன. தலைமை, வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். அதற்குள் ஐசோநியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்திருந்தது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளுக்கும் சானடோரியப் படுக்கைகளுக்கும் சம்பந்தமே இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எனவே 193 நோயாளிகளை, ஏறத்தாழ குலுக்கல் முறையில், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, காற்றோட்டம். மறுபாதி, சென்னையின் நெரிசலான ஏழை வீடுகளிலேயே. இருக்கிற கஞ்சி, இருக்கிற ரசம். பலர் வேலைக்கும் போனார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளியானபோது உலகத்து டாக்டர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பத்தில் ஒன்பது பேரை ஒட்டியே குணம் தெரிந்திருந்தது. 1961-ல் சாப்பாட்டை மட்டும் தனியாக ஆராய்ந்து இன்னொரு கட்டுரை. வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டதில் கலோரியும் புரதமும் கொழுப்பும் விட்டமின்களும் குறைவு. எடையும் அவ்வளவாக ஏறவில்லை. ஆனாலும் கிருமி ஒழிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட்டதில் இந்தச் சென்னை ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் நோயாளி எதைத் தின்றால் என்ன என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் சுமார் 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதி குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. அந்த வீடுகளில் புதிதாக காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்திருந்தது. பட்டினி நோயை அழைத்து வரும். அரிசியும் பருப்பும் வாசலிலேயே தடுக்கும். ஆனால் வந்துவிட்ட கிருமியைக் கொல்ல மாத்திரைதான் வேண்டும். இரண்டு வேலையும் வேறு வேறு.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கோ ஐசோநியாசிட் மாதிரி ஒரு மாத்திரை இன்னும் வரவில்லை. கொல்ல அங்கே கிருமியும் இல்லை. ஐரோப்பிய மூட்டுநோய் நிபுணர்கள் 2017-ல் வெளியிட்ட பரிந்துரைகளில், ‘அவசியம் செய்யுங்கள்’ என்று அழுத்தமாகச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். உடற்பயிற்சி. மெதுவாக ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சி. எந்தச் சாப்பாட்டுக்கும் அப்படி ஒரு முத்திரை கிடைக்கவில்லை.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஃபின்லாந்தில் 2000-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு பிரபலம். 18 பேர், மூன்று மாதம், சமைக்காத, உப்புக் குறைந்த, முழுத் தாவர உணவு. பாலும் கிடையாது. வலி குறைந்தது, தூக்கம் வந்தது என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் 18 பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோ இரண்டு நடை அடித்தால் முடிகிற கூட்டம். எடையும் சேர்ந்து குறைந்ததால் எது எதனால் என்றும் பிரிக்க முடியாது. முக்கியமாக, மூன்று மாதத்துக்கு அப்புறம்?

பச்சையாகச் சாப்பிடுவதை மகாத்மா காந்தியே முயன்றிருக்கிறார். 1929-ல், தாம்பரம் சானடோரியம் ஆரம்பித்த மறு வருடம். முளைகட்டிய தானியம், பச்சைக் காய் என்று மாதக் கணக்கில் சோதனை. யங் இந்தியாவில் அதைப் பற்றி எழுதி மற்றவர்களையும் கூப்பிட்டார். கடைசியில் வயிறு ஒத்துழைக்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று. மனவுறுதிக்குப் பெயர்போன காந்திக்கே அந்தக் கதி என்றால், மாலை ஏழு மணிக்கு வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மேடவாக்கம் வந்து சேருகிறவருக்கு என்ன ஆகும்?

நம்மூர் வைத்தியத்துக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அதே சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் மருந்தோடு பத்தியமும் உண்டு. புளி தள்ளு, காரம் தள்ளு, சில மருந்துகளுக்கு உப்பைக்கூடத் தள்ளு. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பத்தியத்துக்குக் கெடு உண்டு. மருந்து எத்தனை நாளோ அத்தனை நாள். ஒரு மண்டலம் என்றால் 48 நாள், முடிந்தது கதை. ஆயுள்காலப் பத்தியம் இருந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது என்பது சித்தர்களுக்குத் தெரியாதா?

ஆக, கெடு இல்லாத நோய்க்குக் கெடு இல்லாமல் சாப்பிடக்கூடிய சாப்பாடுதான் வேண்டும். உடம்பு மிக மோசமாக இருக்கிற நாளில், நோயாளி தன் கையால் செய்துகொள்ள முடிகிறதா? வீட்டில் எல்லோருக்கும் அதுவே போதுமா? மாசக் கடைசியிலும் கட்டுப்படியாகுமா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் அது நல்ல சாப்பாடு. மேற்படி கேள்விகளில் ஃபெயிலாகிற உணவுமுறை எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கேழ்வரகுக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்துத் தள்ளுவண்டிகளில் விற்கிற அதே கூழ்தான். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி வைத்துவிட்டால், மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். கை எழும்பாத காலையில் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரும் குறைவாகவே கேட்கிற பயிர். செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளை நம்பியிருந்த வயல்களெல்லாம் ஃபிளாட்டாகிவிட்ட பிறகு, நம் தட்டில் விழுகிற ஒவ்வொரு கவளமும் எங்கிருந்தோ லாரி ஏறித்தான் வருகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி கேழ்வரகு அதிக தூரம் வருவதில்லை. பாதாம் பாலும் அவகேடோவும் எங்கெங்கிருந்தோ வருகின்றன. இந்தியா கேட்டுக்கொண்டு ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததில் ஒரே ஒரு சங்கடம். அதுவரை ஏழைச் சாப்பாடாக இருந்தது டப்பாவுக்குள் போய் விலை ஏறிவிட்டது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் உதிரியாக வாங்கினால் போதும். பளபள டப்பா வேண்டாம்.

அரிசி பாவமில்லை. கூட ஒரு கரண்டி பருப்பும் கைப்பிடிக் கீரையும் சேர்ந்தால் அதுவே நல்ல சாப்பாடு. அசைவம் உண்டென்றால் விலை குறைந்த மத்தி மீன், முட்டை. பாக்கெட் மாவில் இட்லி ஊற்றுவதைக் குற்ற உணர்ச்சியோடு செய்யாதீர்கள். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால், அந்த ஒன்றை மட்டும் சில வாரம் நிறுத்தி, எழுதி வைத்துப் பாருங்கள். திரும்பச் சேர்த்தும் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பதார்த்தத்துக்கு விடுதலை. ஒரே நேரத்தில் ஐந்தை நிறுத்தினால் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று. சோர்வும் உடம்பு வலியும் ஃபைப்ரோமயால்ஜியாவின் ஏகபோகச் சொத்து அல்ல. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், விட்டமின் டி குறைந்தாலும் வரும். முழுச் சைவக்காரர்களுக்கு பி12 குறைந்தாலும் வரும். பாலையும் நிறுத்தச் சொன்னால் அந்த பி12 இன்னும் குறையும். எனவே தட்டில் கை வைக்கிறதுக்கு முன்னால் இந்த நாலையும் பரிசோதித்துவிடச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். வலிக்குக் கொடுக்கிற ப்ரீகாபலின் எடையைக் கூட்டக்கூடிய மாத்திரை. சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறதே என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் சித்த மருத்துவ ஓ.பி.யிலும் மாலையில் இங்கிலீஷ் டாக்டரிடமும் காட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். இவர் கொடுத்த சூரணத்தை அவரிடமும், அவர் எழுதிய மாத்திரையை இவரிடமும் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.